மேசையில் பேசிய செட்

அடைக்கல மாதா பதில் சொல்லவில்லை.

மற்ற படகுகள் எல்லாம் சொல்லிவிட்டன. காற்று மாறிவிட்டது, கிழக்கே போகாதே, திரும்பு என்று ஜெசிந்தா வயர்லெஸ்ஸில் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொன்றாக "கேட்டுச்சு, திரும்புறோம்" என்றன. அடைக்கல மாதா மட்டும் வாய் திறக்கவில்லை. அதில் காஸ்பரின் தம்பி சவரி இருந்தான். கூட நாலு பேர்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க, டீச்சரம்மா" என்றான் காஸ்பர்.

கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது.

ஜெசிந்தா துறைமுகத்தில் கடை வைத்துப் படகு வயர்லெஸ் பழுது பார்க்கிறவள். காஸ்பர் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்து, மூடிவிட்டு, அவளிடம் தொழில் படிக்க வந்தவன். வயதில் அவளைவிட மூத்தவன். அவள் அண்ணே என்பாள். அவன் டீச்சரம்மா என்பான். முதலில் கிண்டலுக்குத்தான் அப்படிக் கூப்பிட்டான். அப்புறம் கிண்டல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

காஸ்பர் தன் போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது எப்போதும் சொல்கிற அதே குரல். போனை மேசையில் விட்டெறிந்தான். ஏற்கெனவே கீறியிருந்த கண்ணாடி இப்போது முழுசாகப் போனது.

"கோவத்த ஏன் அது மேல காட்டுறீங்க?"

"பின்ன யார் மேல காட்ட? அவன் வயர்லெஸ் செட்டைப் பாத்தது நான்தான். நல்ல சாமான்தான் போட்டேன். ஈயம் சுத்தமாத்தான் பத்தவெச்சேன். இந்தா, இந்த மேசையிலதான் பேசிச்சு. சவரியே பேசிப் பாத்துட்டுத்தான் தூக்கிட்டுப் போனான்."

"மேசையில எல்லாமே பேசும்."

"போனுலயும் அதே செம்பு, அதே ஈயம்தான? அது ரெண்டு வருஷத்துல சாகுது. உங்க அப்பா காலத்து செட்டு இன்னும் கத்துது. எத்தன தடவ கேட்டேன், ஏன்னு? இப்பவாவது சொல்லுங்க."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். உடைந்த போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இது போயிடுச்சு. இப்ப என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? நல்லா திட்டிட்டு நாளைக்கு வேற வாங்குவேன்."

"எங்க?"

"கடையிலதான்."

"இதைச் செஞ்சவனுக்கும் அது தெரியும்."

காஸ்பர் உடைந்த போனைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒல்லியா வேணும், விலை குறைச்சலா வேணும்னீங்க. குடுத்தான். அவன் மேல தப்பில்ல." ஜன்னலுக்கு வெளியே கடல் அழுக்குத் தகரம் மாதிரி கிடந்தது. "சவரி இப்ப எந்தக் கடைக்குப் போவான்?"

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. காஸ்பர் பாய்ந்தான். வேறொரு படகு.

"அக்கா, அவன் எங்களுக்கு முன்னாலயே கிழக்க போயிட்டான். திரும்புடான்னு துணிய ஆட்டி ஆட்டிப் பாத்தோம். டாட்டா காட்டுறோம்னு நெனச்சுட்டான் போல. அவனும் சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போறான்."

"துரத்திப் போக முடியுமா?"

"அலை தூக்குதுக்கா. எங்களால முடியாது."

காஸ்பர் கீழே உட்கார்ந்துவிட்டான்.

கடை மூலையில் ஒரு மரப்பெட்டி உண்டு. பழுது பார்த்த எந்தச் செட்டையும் ஜெசிந்தா அதற்குள் வைத்து, ஓடவிட்டு, மேலே குண்டு பல்பைப் போட்டு மூடிவிடுவாள். சலூனில் முடிக்குத் தண்ணி தெளிக்கிற புட்டியால் அவ்வப்போது கடல்தண்ணி அடிப்பாள். செட் இரண்டு நாள் அதில் வேகும். சிலது அங்கேயே செத்துப்போகும். படகுக்காரர்கள் அதை நரகம் என்பார்கள். "நரகம் இல்ல, பாவம் தீர வெந்துட்டு வெளிய வர்ற உத்தரிக்கிற ஸ்தலம். நரகத்துல இருந்து வெளிய வர முடியாது" என்று திருத்துவாள்.

வந்த புதிதில் காஸ்பர் இதற்குச் சண்டையே போட்டிருக்கிறான். "ஓடுற செட்டைப் போய் ஏன் சாகடிக்கிறீங்க? போன் கடையில இப்படிப் பண்ணினா நடுத்தெருவுக்கு வந்துருவோம்."

அன்றைக்கு அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இங்க செத்தா என்னைத் திட்டுவாங்க. திட்டுறதுக்கு ஆள் இருக்கும்."

இப்போது மைக்கை அவன் கையில் கொடுத்தாள்.

"கூப்பிடுங்க."

"அவனுக்குத்தான் கேக்காதே."

"கூப்பிடுங்கண்ணே."

"அடைக்கல மாதா... சவரி... லேய் சவரி..." மைக்கைக் கீழே வைத்தான்.

"அக்கா மக புதுநன்மை விசேஷத்துக்கு நான் ஊருக்குப் போனப்ப, உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?"

காஸ்பர் மூலையைப் பார்த்தான். பெட்டி மூடி திறந்து கிடந்தது. பல்பு எரியவில்லை. புட்டியில் கடல்தண்ணி கழுத்துவரை அப்படியே இருந்தது.

"ரெண்டு நாள் உள்ள போடச் சொன்னீங்க."

"என்ன அவசரம்னு சொன்னாலும்?"

"என்ன அவசரம்னு சொன்னாலும்."

"யாரு வந்து நின்னாலும்னும் சொன்னேன்ல, அண்ணே?"

"தம்பிதானேன்னு அன்னைக்கே குடுத்துட்டேன்." வயர்லெஸ் இரைந்துகொண்டே இருந்தது.