பித்தளை அண்டாவும் வேப்பங்கொத்தும்

பொதிகை மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் உலகம்மாள் என்ற பெண் துறவி. நாற்பது வயதுதான் இருக்கும். சீடர்கள் அவரை அம்மை என்று கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விடிகாலையில் மணி அடித்ததும் ஒவ்வொருவரும் பாறைக்கு மேலே இருக்கும் சுனைக்குப் போய்த் தண்ணீர் சுமந்து வந்து கல்தொட்டியை நிரப்ப வேண்டும். யாருக்காவது நோய் என்றால் அவர் கதவில் வேப்பங்கொத்து கட்டிவிடுவார்கள். அவர் பங்குத் தண்ணீரை மற்றவர்கள் சுமப்பார்கள். ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் கொத்து சும்மா ஏறிவிடாது. வைத்தியர் நாடி பார்த்து இன்ன நோய் என்று பெயர் சொல்ல வேண்டும். அம்மையின் குரு காலத்திலிருந்தே அப்படித்தான்.

வைரவநாதன் கதவில் மட்டும் கொத்து ஏறவில்லை.

இத்தனைக்கும் அந்த ஆசிரமத்தில் அவரைவிட நோவுபட்டவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது தெம்பையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எவ்வளவு தூங்கினாலும் அடித்துப் போட்டாற்போலத்தான் எழுந்திருப்பார். ஒரு நாள் தண்ணீர் சுமந்தால் மறுநாள் தலைவாரக் கை தூக்க முடியாது. வைத்தியர் பலமுறை நாடி பிடித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் போதாதா? உடம்பு வளையாத மனுஷன் என்று முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்தார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே பேசினார்கள்.

வைரவநாதன் துறவுக்கு வருவதற்கு முன்னால் சர்க்காரில் எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் அதிகாரியாக இருந்தவர். கடைக்குக் கடை போய்த் தராசைக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் மெழுகை ஒட்டியவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ஐம்பத்தெட்டு வயதிலும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. எங்கே குறைந்தாலும் அங்கே ஒருவன் கைவைத்திருப்பான் என்பது அவர் கணக்கு. தன் உடம்பில் தெம்பு குறைந்தபோதும் அவருக்கு மூக்கு வேர்த்தது.

சமையல்கட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். கடைசியில் ஒரு நாள் அம்மை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மை, என் நோய்க்குக் காரணம் கெடச்சிருச்சு."

"சொல்லுங்க."

"ரசம் வைக்கிற பித்தளை அண்டா. அதுல ஈயம் தேய்ஞ்சுபோச்சு. புளி பட்டு விஷக் களிம்பு ஏறுது. அதைத்தான் கோமு நமக்கு ஊத்துதா."

"எல்லாரும் அந்த ரசம்தானே சாப்பிடுதோம்?"

"எல்லாரும் கொட்டாவி விடுதாங்க. கவனிச்சீங்களா?"

அம்மை கவனித்ததில்லை. சமையல்காரி கோமுவை அண்டாவோடு வரச் சொன்னார்.

கோமு அண்டாவைக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்து வைத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஈயம் மின்னியது. அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்த வைரவநாதனுக்கு அவர் முகம்தான் தெரிந்தது.

"இப்போதான் பூசியிருக்கா" என்றார்.

"தை மாசம் பூசினது, அண்ணாச்சி."

"நான் சந்தேகப்படுதேன்னு தெரிஞ்சு ராவோட ராவா பூசியிருப்பே."

கோமுவின் முகம் சுருங்கிப்போனது. புருஷன் போன பிறகு அவள் ஆசிரமத்தோடு ஒதுங்கியவள். அந்த அடுப்படியைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"என் கையால சாப்பிட ஒருத்தர் பயப்படுதாருன்னா நான் இங்க இருக்கலாமா, அம்மை? நான் போறேன்" என்றாள்.

"அவ போகட்டும். இல்லேன்னா நான் போறேன்" என்றார் வைரவநாதன்.

அம்மை இருவரையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க நம்புற பாத்திரத்துல நீங்களே பொங்கிச் சாப்பிடுங்க. உடம்பு தேறிருச்சுன்னா கோமு போகட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருங்க."

வைரவநாதன் சந்தைக்குப் போய் ஒரு மண்பானை வாங்கினார். தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, குயவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். தன் அறைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். அரிசியை அலசி அலசி அதன் பாதி உயிரை எடுத்தார். அன்றைக்குக் கஞ்சி குடித்துவிட்டு, களைப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அடுப்படியில் கோமு தன் இரண்டு புடவையையும் மடித்து மூட்டை கட்டினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் விழுந்துவிட்டார். விறகு பொறுக்கியதும் பானையைத் தூக்கி இறக்கியதும்தான் அவர் செய்த வேலை. அதுவே அவருக்கு மலை ஏறிய பாடாகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஆள் பேசினால் காது வலித்தது. விறகுப் புகையாக இருக்குமோ, அரிசிக் கடைக்காரன் எதையாவது கலந்திருப்பானோ என்று படுத்தபடியே யோசித்துப் பார்த்தார். ஆனால் சந்தேகப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

அடுப்பு எரியவில்லையே என்று எட்டிப் பார்த்தவள் கோமுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் கஞ்சியோடு திரும்பி வந்தாள்.

"நான் மொதல்ல ஒரு மடக்கு குடிச்சுக் காட்டட்டுமா, அண்ணாச்சி?"

வைரவநாதன் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பாதிக் கஞ்சியில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நீ மூட்டையைப் பிரிச்சிரு, கோமு" என்றார்.

சாயங்காலம் அம்மை வந்து பாயருகே உட்கார்ந்தார். போர்வையை இழுத்துவிட்டார். பிறகு கேட்டார்.

"அண்டாவுலதான் கோளாறுன்னு ஆகியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்."

"காட்டினா களைப்பு போயிருமா?"

"எப்படிப் போகும்?"

"பின்னே எதுக்கு?"

வைரவநாதன் கூரை முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் காதோரம் இறங்கியது. துடைக்கக் கை எழும்பவில்லை.

"இவன் பொய் சொல்லலைன்னு ஒருத்தராவது சொல்லியிருப்பாங்க, அம்மை."

அம்மை எழுந்து போய்விட்டார். ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. இவரும் நம்பவில்லை போலிருக்கிறது என்று வைரவநாதன் நினைத்தார். தேறுதலாக எதையும் எதிர்பார்க்காமலிருக்கத் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விடிகாலையில் மணி அடித்தது. கொஞ்சம் தெளிந்தாற்போல இருந்தது. இன்றைக்கும் போகாவிட்டால் என்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூலையில் குடங்களைத் தேடினார். குடங்கள் இல்லை. யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள், வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

முகத்தில் இலை உரசியது. நிலையில் வேப்பங்கொத்து தொங்கியது. பறித்து வெகுநேரம் ஆகவில்லை. அதன் ஈரம் கன்னத்தில் பட்டது.

பாறைப் படியில் அம்மை இறங்கி வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இரண்டும் வைரவநாதனின் குடங்கள். கல்தொட்டியருகே நின்றிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஈரப் புடவையைப் பிழிந்தபடி அவரிடம் வந்தார்.

வைரவநாதன் கொத்தைத் தொட்டுப் பார்த்தார். பழைய அதிகாரிக் கண் இன்னும் போகவில்லை.

"வைத்தியர் வந்தாரா, அம்மை?"

"வரல."

"அண்டாவுல களிம்பு இருந்துச்சா?"

"இல்ல."

"அப்போ எனக்கு என்ன நோய்?"

"தெரியல."

"தெரியாமலே கட்டிட்டீங்களே. எதை வச்சுக் கட்டினீங்க?"

அம்மை காலிக் குடங்களை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

"களைப்பா இருக்குன்னு நீங்க சொன்னீங்கல்ல, அண்ணாச்சி. ரெண்டு வருஷமாச் சொல்லுதீங்க. என் காதுல இப்போதான் விழுந்துச்சு."