மொட்டை பாக்கி

இசக்கியப்பன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் லட்சணம் ஆபீசுக்கே தெரியும். எங்கே தப்பு என்று புரியாமல் வரிக்கு வரி ‘இங்கே வந்தேன்’, ‘ஐயோ, இங்கேயும் வந்தேன்’ என்று திரையில் வரும்படி பிரிண்ட் போட்டு வைப்பான்.

மேனேஜர் புருஷோத்தமன் குதித்தார். “சாயங்காலத்துக்குள்ள ஒரு பிரிண்ட் இருக்கக் கூடாது! எல்லாத்தையும் முறையா பதிவு பண்ற லாகருக்கு மாத்து. எழுதினவன் பேரும் கூடவே வரணும். மானம் போகட்டும்!”

“பேர் வேணாமே சார்.”

“பேரோட!”

மறுநாள் மீட்டிங்கில் பெரிய திரையில் புரோகிராமை ஓட்டினார்கள். முதல் வரியே, ‘முருகா, இது ஓடிட்டா மொட்டை போடுறேன் – புருஷோத்தமன்.’

அந்தக் காலத்தில் அவர் எழுதி வைத்த அந்தப் புரோகிராம் ஓடத் தொடங்கி வருஷக்கணக்காகிறது. எல்லாரும் அவர் தலையைப் பார்த்தார்கள். எண்ணெய் வைத்து, வகிடெடுத்து வாரியிருந்தது.

இசக்கியப்பன் அவர் காதில் சொன்னான்: “லாகர்ல பெரிய தப்பு மட்டும் காட்டுற மாதிரி லெவலைக் கொஞ்சம் ஏத்திட்டா என் புலம்பல், உங்க வேண்டுதல் எல்லாமே மறைஞ்சிடும் சார். முருகன்கிட்ட மட்டும் மறைக்க முடியாது.”