நாற்பத்தொன்றாவது வரி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை முளைத்திருக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. இதில் குருவுக்கு இருபத்தாறு வயது. பெயர் இசக்கியம்மாள். சீடர் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொன்று. இருபத்துநான்கு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவர். கம்பெனி மூடியதும் எட்டு மாதம் புரோகிராம் எழுதப் படித்தார். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தார்.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்காக அந்த அலுவலகம் ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தது. பாடப் புத்தகத்தின் பக்கத்தைக் கொடுத்தால், தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித் தரும். மாற்றுகிற வேலையைச் செய்யும் மாட்யூல் ஆவுடையப்பனிடம் வந்தது. அதில் ஒரு பிழை. திருத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

திங்கட்கிழமை தொடங்கினார். அன்று பில்டே ஆகவில்லை; எழுதியதை ஓடுகிற புரோகிராமாகக் கட்டவே முடியவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. இணையத்தில் தேடி, முன்பின் தெரியாதவர்கள் எழுதி வைத்திருந்த ஏழு கட்டளைகளை வரிசையாக ஒட்டினார். ஏழில் எது பலித்ததோ, சிவப்பு போய்விட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் பாதிப் பக்கம் வரை போய், ஸ்ரீவைகுண்டம் என்ற ஊர்ப் பெயர் வந்ததும் புரோகிராம் விழுந்தது. நாற்பத்தொன்றாவது வரியில் பிழை என்றது.

செவ்வாய் முழுக்கத் திருத்தினார். புதனும் திருத்தினார். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இசக்கியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், நான் வேலைய விட்டுருதேன்.”

“என்னாச்சு அண்ணாச்சி?”

“மச்சினன் அவன் அரிசிக் கடைக்கு மேனேஜரா கூப்பிடுதான். இன்னைக்கு ஒரு மணிக்குள்ள பதில் சொல்லணும். போயிரலாம்னு பாக்கேன். இது நம்ம மண்டையில ஏறாது.”

“எதை வச்சுச் சொல்லுதீங்க?”

“மூணு நாளாச்சு. என்ன செஞ்சாலும் அதே பிழை. ஒரு எழுத்து மாறல. இதையே திருத்தத் தெரியாதவனுக்கு இங்க என்ன சோலி?”

மகள் வயதுப் பெண்ணின் முன்னால் கண் கலங்கி நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது. இசக்கி எழுந்து அவருடைய மேசைக்குப் போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க கோப்பைத் திறங்க. முதல் வரியில கத்தரிக்காய்னு எழுதுங்க.”

“என்னது?”

“கத்தரிக்காய்.”

“எதுக்கு டீச்சர்?”

“எழுதுங்க அண்ணாச்சி.”

பிழையை எடுத்துத் தருவாள் என்று வந்தவருக்கு, புதிதாக ஒன்றைப் போடச் சொன்னது விளங்கவில்லை. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. எழுதினார். பில்டு செய்தார். வழக்கம்போல் ஆனது. ஓட்டினார். பாதிப் பக்கம் புள்ளிகளாக வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் விழுந்தது. நாற்பத்தொன்றாவது வரி.

“கத்தரிக்காயப் பத்தி அது ஒண்ணுமே சொல்லலியே!”

“சொல்லல.”

“அது தப்புதான டீச்சர்? அப்படி ஒண்ணு இருந்தா ஓடவே கூடாதுல்லா?”

“ஓடக் கூடாது. இன்னும் பத்து வரி கத்தரிக்காய் போடுங்க.”

போட்டார். ஓட்டினார். அதே ஊர், அதே வரி.

ஆவுடையப்பன் விரலை மடக்கினார். “மேல பதினோரு வரி சேந்திருக்கு. அப்போ நாற்பத்தொண்ணு ஐம்பத்திரண்டா ஆயிருக்கணும்.”

“ஆயிருக்கணும்.”

“ஆகலியே.”

“ஆகல.”

“மிஷினுக்கு எண்ணத் தெரியலையோ?”

ஆவுடையப்பனுக்கு இப்போது வந்தபோது இருந்ததைவிடக் குழப்பம் கூடியிருந்தது. வந்தபோது தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது உறுதியாகத் தெரிந்திருந்தது. இப்போது அதுவும் ஆட்டம் கண்டது.

“எல்லாத்தையும் அழிங்க,” என்றாள் இசக்கி.

“எல்லாத்தையுமா?”

“கத்தரிக்காயத் தூக்கிட்டு ஒரு நகல் எடுத்துத் தனியா வச்சுக்கிடுங்க. அப்புறம் அழிங்க. ஒரு எழுத்து இருக்கக் கூடாது.”

நகல் எடுத்தார். எடுத்தோமா என்று இரண்டு தரம் சரிபார்த்தார். அழித்தார். வெள்ளையாக வெறுமனே ஒரு கோப்பு. மூன்று நாள் உழைப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

“ஓட்டுங்க.”

ஓட்டினார்.

பாதிப் பக்கம் புள்ளிகளாக வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் விழுந்தது. நாற்பத்தொன்றாவது வரியில் பிழை என்றது.

ஆவுடையப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். “டீச்சர், வரியே இல்ல! ஒரு வரியும் இல்லாத கோப்புல நாற்பத்தொண்ணாவது வரி எங்க இருந்து வருது? பாதிப் பக்கத்த யாரு மாத்துனா?”

“அதைத்தான் நானும் கேக்கேன்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“அது சொல்லுதத வாசிங்க.”

“நாற்பத்தொண்ணாவது வரியில...”

“முதல்ல இருந்து.”

“முதல்ல ஏதோ பாதைல்லா போட்டிருக்கு. எந்தக் கோப்புறை, அதுக்குள்ள எந்தக் கோப்புறைன்னு நீளமா. அத யாரு வாசிப்பா?”

இசக்கி திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாள். ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையில் விரலை வைத்து, முதல் வகுப்புப் பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது.

“எபனேசர்னு வருது.”

எபனேசர் போன வருடம் வரை இதே கணினியில் வேலை பார்த்தவன். பெங்களூர் போய்விட்டான்.

“இது என் கோப்புறை இல்லியே டீச்சர்.”

“இல்ல. எபனேசர் இதே மாட்யூல அவன் காலத்துலயே இந்த மிஷின்ல பதிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். புரோகிராம் அங்க இருந்துதான் எடுக்குது. நீங்க எழுதுன கோப்ப அது இதுவரைக்கும் திறக்கவே இல்ல.”

ஆவுடையப்பன் மெதுவாக உட்கார்ந்தார். முதலில் கோபம் வந்தது. எபனேசர் மேலா, கணினி மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

“அப்போ நான் மூணு நாளா செஞ்சதெல்லாம் சரியா, தப்பா?”

“யாருக்குத் தெரியும்? எபனேசர் வச்சத நீக்குங்க. உங்க நகலத் திரும்ப எடுத்து, அந்த இடத்துல பதிங்க.”

நீக்குவதற்கு ஒரே ஒரு கட்டளை போதுமாக இருந்தது. நகலைப் பழைய இடத்தில் வைத்தார். பில்டு செய்தார். பதித்தார். ஓட்டுவதற்கு முன் விரல் விசையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. இந்த மூன்று நாளில் ஐம்பது தடவையாவது ஓட்டியிருப்பார். அப்போதெல்லாம் இப்படித் தயங்கியதில்லை.

அழுத்தினார்.

ஒரு புள்ளிகூட வரவில்லை. தொடங்குவதற்கு முன்பே விழுந்தது. இந்த முறை அவர் பாதையை முதலிலிருந்து வாசித்தார். அவருடைய கோப்புறை. அவருடைய கோப்பு. பன்னிரண்டாவது வரி. அடைப்புக்குறி ஒன்று திறந்திருக்கிறது, மூடவில்லை என்றது.

செவ்வாய்க்கிழமை அவர் எழுதிய வரி அது.

மேசைமேல் இருந்த போன் அடித்தது. மச்சினன். மணி பன்னிரண்டே முக்கால். ஆவுடையப்பன் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டீச்சர், முன்னாடி பாதிப் பக்கமாவது வந்துச்சு. இப்போ அதுவும் போச்சு. இவன்ட்ட நான் என்ன சொல்லட்டும்?”

இசக்கி எழுந்து நாற்காலியை அது இருந்த இடத்தில் போட்டாள்.

“இவ்வளவு நேரமும் எபனேசர் செஞ்ச தப்புக்கு நீங்க வேலைய விடப் பாத்தீங்க. இது உங்க தப்பு அண்ணாச்சி. இதுக்கு விடணும்னா விடுங்க.”