ஆயிரத்தொன்பதாவது இலை

அந்தக் காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜா என்றால் சும்மா இருக்க மாட்டார்களே! தன் பிறந்தநாள் விருந்தில் பந்திகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒரு பந்தியில் ஓர் இலை கூடினாலும் குறைந்தாலும் பொறுப்பாளனை நாடு கடத்துவேன் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று யார் கேட்பது? அந்தப் பொறுப்பு விகடகவி மருதக்கூத்தன் தலையில் விழுந்தது.

ராஜாவையும் கூத்தனையும் சேர்த்து ஆயிரத்தெட்டுப் பேர். இருபத்தெட்டுப் பந்தி, பந்திக்கு முப்பத்தாறு இலை என்று கூத்தன் நிம்மதியாக இருந்தான். அவனைக் கண்டாலே வயிறெரிகிற கருவூல அதிகாரி நீலமேகம் விடுவாரா? எப்போதும் நின்று மேற்பார்வை பார்க்கிறவர், விருந்தன்று காலையில் போய், "இம்முறை அடியேனும் பந்தியில் அமர விழைகிறேன், மன்னா" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். இலை ஆயிரத்தொன்பது ஆகிவிட்டது.

கூத்தன் மண்ணில் கோடு போட்டுப் பார்த்தான். இரண்டாகப் பிரித்தால் ஒருவர் மிச்சம். மூன்று, நான்கு, ஏழு, எட்டு, எதற்கும் ஒருவர் மிச்சம். ஐந்தாகப் பிரித்தால் நான்கு பேர் மிச்சம். அந்த எண் எதற்கும் மசியவில்லை.

"சனியன் பிடிச்ச எண்ணு!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குய்யா போறது?" என்று அவன் பெண்டாட்டி அழுதாள்.

மத்தியானம் ராஜா வந்தால் மண்டபம் காலி. அரண்மனை வாசலில் தொடங்கி, கடைத்தெரு, தேர்முட்டி எல்லாம் தாண்டி, ஆற்றங்கரை வரை ஒரே வரிசையாக இலை போட்டிருந்தது.

"இதென்னடா கூத்து?"

"ஒரே பந்தி, மன்னா. எந்தப் பந்தியைவிடவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

ராஜா முதல் இலைக்குப் போய் உட்கார்ந்தார். கடைசி இலையில் நெய் விழுந்த பிறகுதான் ராஜா சோற்றில் கை வைப்பது அங்கே வழக்கம். நெய்யோ இன்னும் கடைத்தெருவையே தாண்டவில்லை. சோறு ஆறியது, அப்பளம் நமுத்தது, ராஜாவின் வயிறு கத்தியது.

"நெய் எங்கேடா?"

"தேர்முட்டிக்கு வந்துவிட்டது, மன்னா."

ராஜாவுக்குப் பக்கத்து இலையில் இருந்த நீலமேகத்துக்கும் பசி. பொறுக்க முடியாமல் கத்திவிட்டார்: "மன்னா, இவனைத் துரத்துங்கள்! ஆயிரத்தொன்பதை எந்தக் கொம்பனாலும் சமமாகப் பிரிக்க முடியாது. அது தெரியாமலா அடியேன் வந்து உட்கார்ந்தேன்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோசனம்? ராஜா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மாலா நான் பட்டினி? எழுந்திருமய்யா!"

நீலமேகம் எழுந்தார். மற்றவர்கள் இலையை ஏந்திக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். இருபத்தெட்டுப் பந்தியும் கச்சிதமாக அமைந்தன. நெய்ச்செம்பு நீலமேகத்தின் கைக்கு வந்தது.

முதல் கவளம் உள்ளே போன பிறகுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. புரையேறும் வரை சிரித்தார். நாடு கடத்தும் ஆணையை அங்கேயே ரத்து செய்து, முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

"நீலமேகம், கூத்தன் போதும் என்று சொல்லும்வரை அவன் இலையில் நெய் ஊற்றும்!"

நீலமேகம் குனிந்து ஊற்றினார். கை வலிக்க வலிக்க ஊற்றினார். கூத்தன் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தான்.