இடது ஓரத்துக் கை

சீசன் முடிஞ்ச பத்தாவது நாள் எங்க கபடி மைதானத்துக்கு மில் டீமோட வேன் வந்துச்சு. தரையில விரிச்சு ஆடுற ஒரு பழைய ரப்பர் மேட்டையும் முப்பிடாதிங்கிற பொண்ணையும் இறக்கி விட்டுச்சு. போகும்போது எங்க ஜெனிபாவை ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

இது வருஷா வருஷம் நடக்கிறதுதான். மழைக்காலத்துல ஆட்டம் கிடையாது, வேன் மட்டும் தவறாம வரும். மில் டீம்ல தினம் முட்டை, பால், முழங்காலைப் பார்க்கத் தனி டாக்டர், நாலு வருஷம் ஆடினா வேலை. எங்க டீம்ல ஆளுக்கு ஒரு கை சுண்டல். அதுவும் கோச் அவிச்சு எடுத்துட்டு வந்தாத்தான். போறவளை என்னன்னு திட்ட?

கோச் பேரு சந்தனமாரி. முழங்கால் போறவரைக்கும் இதே டீம்ல ஆடினவங்க. எங்க கேப்டன் கனியக்காவை விட நாலு வயசு சின்னவங்க. ஆனா கோட்டுக்குள்ள வந்துட்டா கனியக்கா அவங்களுக்கு மாணவிதான். அதுல அக்காவுக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

வேன் போன புழுதி அடங்கலை. அக்கா கேட்டாங்க.

"கோச், நாம வளக்கோம். இருக்கிறவன் தூக்கிட்டுப் போறான். பிறகு எதுக்கு நாம வளக்கணும்?"

கோச் முப்பிடாதியைக் கூப்பிட்டு இடது ஓரத்துல, ஜெனிபா நின்ன இடத்துல, நிறுத்தினாங்க.

"கையைக் குடுங்க அக்கா"ன்னாங்க கோச்.

எங்க இடது ஓரத்துல ரெண்டு பேரு கை கோத்து நிப்பாங்க. 'கபடி கபடி'ன்னு பாடி வர்றவ உள்ள நுழைஞ்சதும் அந்தக் கையாலயே வளைச்சு மடக்கணும். கனியக்காவும் ஜெனிபாவும் ஏழு வருஷம் அப்படி நின்னவங்க. விரலைக் கோக்க மாட்டாங்க, மணிக்கட்டைப் பிடிப்பாங்க. மடக்க வேண்டிய நேரம் வந்தா கட்டைவிரலால ஒரு அழுத்து. 'இப்போ'ன்னு அர்த்தம். பாடி வர்றவளுக்கு அது தெரியவே தெரியாது.

கனியக்கா முப்பிடாதிக்கு நாலு விரல் நுனியைக் குடுத்தாங்க. சுடுற பாத்திரத்தைத் தொடுற மாதிரி. கோச் அதைப் பார்த்தாங்க.

மேட்ல காலே வைக்க மாட்டேன்னுட்டாங்க அக்கா. "ஜெனிபாவைக் குடுத்து வாங்கினது. அதுல போய் நான் உருளணுமாக்கும்?" நாங்க எல்லாரும் மேட்ல விழுந்து எழுந்திரிச்சோம். அவங்க மட்டும் மண்ணுல விழுந்து முழங்கையை உரிச்சுக்கிட்டாங்க.

தண்ணி குடிக்கப் போனா ரெண்டு செம்பு எடுப்பாங்க. அப்புறம் ஒண்ணைக் கவுத்து வச்சிருவாங்க. ஒரு நாள் என்கிட்ட, "ஏட்டி, அவ போனே எடுக்க மாட்டேங்கா. மறந்துட்டா பாரு"ன்னாங்க. நான் பெஞ்சுல உக்காந்திருக்கிறவ, நான் என்ன சொல்ல?

பொங்கல் முடிஞ்சு புது சீசன் அரையிறுதி. எதிர்ல மில் டீம்.

கடைசி நிமிஷம் வரைக்கும் புள்ளி சமம். கடைசிப் பாட்டு அவங்களோடது. எங்க ஓரம் அவளுக்குத்தான் அத்துப்படின்னு ஜெனிபாவையே அனுப்பினாங்க. எங்க பக்கம் முப்பிடாதி முந்தின பாட்டுலயே அவுட். இடது ஓரம் காலியாக் கிடந்துச்சு.

"கபடி கபடி"ன்னு வந்த ஜெனிபா நேரா அந்த ஓரத்துல போய் நின்னா. கனியக்காவுக்குப் பக்கத்துல, அவ எப்பவும் நிக்கிற இடத்துல.

அக்கா கை தானா நீண்டுச்சு.

ஜெனிபா மணிக்கட்டைப் பிடிச்சா.

அவ பாட்டு லேசாத் தடுமாறிச்சு, ஆனா நிக்கலை. நாங்க பெஞ்சுல இருந்து "பிடி, பிடி"ன்னு கத்தினோம். அக்கா மரமா நின்னாங்க. ஜெனிபா கையை உருவிக்கிட்டு ஒரே பாய்ச்சல்ல நடுக்கோட்டைத் தொட்டுட்டா. ஒரு புள்ளி. அவ்வளவுதான், எங்க வருஷம் முடிஞ்சுது.

மைதானம் காலியான பிறகும் அக்கா எழுந்திரிக்கலை. கோச் காலை இழுத்து இழுத்து வந்து பக்கத்துல உக்காந்தாங்க. நானும் முப்பிடாதியும் தள்ளி நின்னோம். அவ கையில ஒரு செம்பு தண்ணி இருந்துச்சு. குடுக்கப் பயந்துக்கிட்டு வச்சிருந்தா.

"பிடிச்சிருக்கலாம் கோச். கைக்குள்ளதான் இருந்தா."

"பார்த்தேன்."

"கட்டைவிரலை அழுத்தினா. இப்போன்னு சொன்னா. அவளைப் பிடிக்கச் சொல்லி அவளே சொல்லுதா கோச்! பழக்கத்துல அழுத்திட்டா, பாவி. மறக்கவே இல்ல." அதுக்கு மேல முடியாம அக்கா முந்தானையே இல்லாத பனியன்ல முகத்தைத் துடைச்சாங்க. "எனக்கு அவ வேணும். அந்த மேட்டைத் திருப்பிக் குடுத்திருங்க. நான் சாகுற வரைக்கும் மண்ணுலயே ஆடுதேன். அவளைக் கூட்டிட்டு வந்திருங்க."

கோச் தள்ளி நின்ன முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தாங்க.

"முப்பிடாதிக்கு அந்த அழுத்தைச் சொல்லிக் குடுத்தீங்களா அக்கா?"

"இல்ல."

"ஏன்?"

"அது எனக்கும் ஜெனிபாவுக்கும் உள்ளது."

கோச் முழங்காலைத் தடவிக்கிட்டாங்க.

"எனக்கு முழங்கால் போன மறுவாரமே, நம்ம ரெண்டு பேரு பிடியை ஜெனிபாவுக்குச் சொல்லிக் குடுத்தீங்க அக்கா. நான் கோட்டுக்கு வெளிய உக்காந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."