கேமராவுக்குக் கண் தெரியவில்லை

கும்பகோணத்து அரிசி ஆலை முதலாளி பொன்னரங்கம் அறுபது வயதிலும் கண்ணாடி போடாதவர். தமக்கு அது தேவையில்லை என்பது அவருடைய கருத்து. அவருடைய கண்களின் கருத்து வேறு.

தம் மணிவிழாவுக்குக் குத்துவிளக்கு வெளிச்சமே போதும் என்று மண்டபத்து விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டார். ஃபிளாஷும் கூடாதாம். படமெடுக்க வந்த மரகதத்தின் கேமராவோ அந்த இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, உன் கேமரா குருடா? படம் மங்கலா வந்தா என் பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

மரகதம் பெரிதும் நம்பியிருந்த வேலை அது. அவள் பணிவாகக் கேமராவை இறக்கினாள்.

"சரிங்கய்யா. அம்மா புடவை நீங்க எடுத்ததாமே? கரையில என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க, அதுவும் தெரியற மாதிரி எடுத்துடறேன்."

பொன்னரங்கம் மனைவி குமுதவல்லியின் முந்தானையைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுவந்தார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். மறுபடி கிட்டே, மறுபடி தூரே. சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மயில்," என்றார் கடைசியில்.

"யானைங்க," என்றாள் குமுதவல்லி.

"என் கேமராவும் இதையேதான் செய்யுதுங்கய்யா," என்றாள் மரகதம். "கொஞ்சம் வெளிச்சம் கிடைச்சா உடனே பிடிச்சுக்கும், பாவம்."

முந்தானையை விடாமலே பொன்னரங்கம் சிரித்துவிட்டார். "லைட்டைப் போடுங்கப்பா. கேமராவுக்குக் கண் தெரியலையாம்."

அந்தப் படத்தில் யானையின் தந்தம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்கும் மரகதம்தான் வந்தாள். அன்று மண்டபத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன; பெண்ணைப் பெற்றவர் மூக்கில் கண்ணாடியும் இருந்தது.