பத்து மீட்டர் மாப்பிள்ளை

நெட்டையங்குறிச்சியில் அச்சில் வந்ததை யாரும் மீறுவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் 'இங்கே நிற்கவும்' என்று பலகை வைத்த நாளிலிருந்து அங்கே ஒருவரும் உட்கார்ந்தது கிடையாது. நிழற்குடைக்குள் சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. அதில் ஆடுகள் படுத்திருக்கும். ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஊர் அதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

அந்த ஊர் கோமதிநாயகத்துக்கு முப்பத்தேழு வயதில் கல்யாணம் நிச்சயமானது. ஒன்பது இடங்கள் ஜாதகத்தில் தட்டிப்போன பிறகு பத்தாவதாக அமைந்தவள், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுக்கரையைச் சேர்ந்த சண்முகவடிவு. பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா தளவாய்க்கு மட்டும் இதுவரை உலகத்தில் எதுவும் பிடித்ததில்லை.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள கால் வைக்கணும். மங்களச் சத்தத்தோட வைக்கணும். பூப்போட்ட வண்டி சத்தமில்லாம வந்து நின்னா, பாக்குறவன் அதை வேற வண்டின்னு நினைப்பான். அப்படி வந்துச்சுன்னா நான் எம்புள்ளைய கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, நாதஸ்வரக்காரருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிக் கன்னம் வீங்கிவிட்டது என்று செய்தி வந்தது. கல்யாணக் கமிட்டி உடனே கூடியது.

கமிட்டியில் நான்கு பேர். தலைவர் ஆவுடையப்பன், மாப்பிள்ளையின் பெரியப்பா. செயலாளர் பிச்சுமணி, ஊரில் வரும் எல்லா நோட்டீசையும் உரக்கப் படிப்பவர். மூன்றாமவர் சொர்ணமுத்து, கார் வைத்திருந்ததால் சேர்க்கப்பட்டவர். நான்காமவர் பலவேசம். அவரை எதற்குச் சேர்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

"மஸ்கட்லேர்ந்து அத்தான் கொடுத்த பாட்டுப்பெட்டி இருக்கு பெரியப்பா" என்றான் கோமதிநாயகம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவியைக் காட்டினான். "ஆறு மணி நேரத்துக்கு நாதஸ்வரம் இருக்கு. சொர்ணமுத்து மாமா காரு ஸ்டீரியோவுல கம்பியில்லாம சேத்துட்டா ஊரே கேக்கும். ரெண்டு பட்டன்தான். நானே அமுக்குதேன்."

"நலங்கு வச்ச கையால வேலை செய்யப்படாது. நீ பேசாம உக்காரு" என்றார் ஆவுடையப்பன். "பிச்சுமணி, பெட்டிக்குள்ள தாள் இருக்கா பாரும்."

தாள் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அப்போதுதான் ஆபத்து ஆரம்பமானது.

முதல் வரியைப் பிச்சுமணி கணீரென்று படித்தார். "பயன்படுத்தும் முன் இத்தாள் முழுவதையும் படிக்கவும்."

தாளை விரித்தார்கள். பதினோரு மொழிகளில் இருந்தது. தமிழ் ஒன்பதாவது.

"தமிழை மட்டும் படிச்சா முழுசும் படிச்ச மாதிரி ஆகுமா?" என்றார் பலவேசம்.

"ஆகாது" என்றார் ஆவுடையப்பன்.

"சீன பாஷை யாருக்கு வரும்?"

"வராட்டா என்ன அண்ணாச்சி? அதுக்கு உரிய நேரம் கண்ணை வச்சு எடுத்துருவோம்" என்றார் பிச்சுமணி.

அப்படியே தீர்மானமானது. நான்கு பேரும் ஒவ்வொரு மொழியின் மீதும் மூன்று நிமிடம் கண்ணை வைத்து எடுத்தார்கள். அரபு மொழியை வலமிருந்து பார்க்க வேண்டும் என்று பலவேசத்துக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இடமிருந்து பார்த்துவிட்ட சொர்ணமுத்து மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. மணி மூன்று ஐந்து.

"அருகிலுள்ள பிற மின்சாதனங்களை அணைக்கவும்" என்றது இரண்டாவது வரி.

கமிட்டி தெருவில் இறங்கியது. வீடு வீடாகப் போய் மின்விசிறி, டிவி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். கல்யாண வீட்டில் உளுந்து ஆடிக்கொண்டிருந்த கிரைண்டரையும் நிறுத்தினார்கள். சமையல்காரர் கரண்டியை ஓங்கினார்.

"ஓய், நாளைக்கு வடை வேணுமா வேண்டாமா?"

"வடைக்கு அச்சுல ஒண்ணும் போடலைவே. இதுக்குப் போட்டிருக்கு" என்றார் பிச்சுமணி.

தெரு அடங்கியதும் பலவேசத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கோமதியோட அம்மா காதுல வச்சிருக்காளே, அந்தக் கேக்குற மிஷினு? அதுவும் கரண்டுதானே?"

அதையும் வாங்கி அணைத்தார்கள். மகனின் கல்யாணத்தில் நடந்த எதையும் அந்த அம்மாள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மொத்தத்தில் அன்று நிம்மதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மணி மூன்று இருபது. கோமதிநாயகம் பட்டு வேட்டியோடு காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பெரியப்பா, இந்த இடமும் போச்சுன்னா எனக்குப் பதினோராவது கிடையாது. தரகரே சொல்லிட்டாரு."

"அவசரப்பட்டு அமுக்கி, நாளைக்குப் பெட்டி வெடிச்சு, அவ விதவையாகணுமா?" என்றார் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்றாவது வரியைப் பிச்சுமணி படிக்கத் தொடங்கிப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னவே?"

"ரகசிய எண் கொடுத்திருக்கான். ரெண்டு கருவியிலும் அதைப் போடணுமாம். ஆனா யாருக்கும் தெரிவிக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு. நான் படிச்சுத் தொலைச்சுட்டேன்."

"நீரு படிச்சது படிச்சதா இருக்கட்டும். எங்க யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மற்றவர்கள் நான்கடி பின்வாங்கினார்கள்.

பாட்டுப்பெட்டியில் அவரே எண்ணைப் போட்டுவிட்டார். சிக்கல் ஸ்டீரியோவில் வந்தது. தன் காரின் ஸ்டீரியோவைத் தன் விரலைத் தவிர வேறு விரல் தொட்டதில்லை, இனியும் தொடாது என்று சொர்ணமுத்து சொல்லிவிட்டார். பிச்சுமணி அமுக்கக் கூடாது. சொர்ணமுத்து தெரிந்துகொள்ளக் கூடாது.

கடைசியில் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தால் சொர்ணமுத்துவின் கண்ணைக் கட்டினார்கள். பிச்சுமணி அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து நான்கு தடவை அமுக்கினார். அது என்ன எண் என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்று சொர்ணமுத்து எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்யத் தயார். நான்கு தடவையும் விரல் ஒரே இடத்துக்குத்தான் போனது என்பது மட்டும் தெரியும்.

காருக்குள்ளிருந்து நாதஸ்வரம் பொங்கியது. தவிலும் கூடச் சேர்ந்தது. கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எடுங்க மாமா வண்டிய!"

"பொறு" என்றார் பிச்சுமணி. "இன்னும் ரெண்டு வரி இருக்கு. 'இயங்கும் தூரம்: பத்து மீட்டர்.'"

எல்லோரும் பாட்டுப்பெட்டியைப் பார்த்தார்கள். அது ஸ்டீரியோவிலிருந்து ஒரு முழத் தூரத்தில், மாப்பிள்ளையின் மடியில் பாடிக்கொண்டிருந்தது.

"அதான் பாடுதே!" என்றான் மாப்பிள்ளை.

"பாடுது. ஆனா தப்பாப் பாடுது" என்றார் ஆவுடையப்பன். "அடுத்த வரி என்னவே?"

"'கருவியை உரிமையாளர் மட்டுமே கையாள வேண்டும்.'"

பந்தல்காரரிடம் கயிறு வாங்கி, தச்சரின் டேப்பால் பத்து மீட்டர் அளந்து வெட்டினார்கள். ஒரு நுனியைக் காரின் பின்பக்கம் கட்டினார்கள். மறுநுனியை, கூடாமல் குறையாமல் இருப்பதற்காக, மாப்பிள்ளையின் இடுப்பில் கட்டினார்கள்.

"நலங்கு வச்ச கை வேலை செய்யக் கூடாதுன்னீங்களே?" என்று அவன் கடைசியாக ஒரு முறை வாதாடிப் பார்த்தான்.

"இது வேலை இல்லையே. சும்மா வச்சுக்கிட்டு ஓடப்போறே, அவ்வளவுதானே?"

ஓடும்போது மாலை உதிர்ந்துவிடும் என்பதால் அதைக் கழற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஆவுடையப்பன் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். பின் சீட்டு காலியாக இருந்ததால் அதில் அவர் உட்கார்ந்தார். மணி நாலு ஐந்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியது. கயிறு தொய்ந்தால் பலவேசம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒம்பதரை! ஒம்பதரை!" என்று கத்துவார். மாப்பிள்ளை பின்தங்குவான். கயிறு இழுத்தால் ஓடுவான். வழியில் வயலில் நின்றவர்கள், யாரையோ பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஆனால் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலு இருபத்தி மூன்றுக்கு வண்டி புதுக்கரை மண்டப வாசலில் நின்றது. நாதஸ்வரம் முழங்கியது. தளவாய் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து பின் கதவைத் திறந்தார்கள். மாலையும் கழுத்துமாக, அறுபத்தொரு வயது ஆவுடையப்பன் சிரித்தார். சுற்ற ஆரம்பித்த தட்டு அந்தரத்தில் நின்றது.

"முப்பத்தேழுன்னு சொன்னீங்க" என்றார் தளவாய். குரல் தாழ்ந்திருந்தது. அது நல்ல அறிகுறி அல்ல.

"மாப்பிள்ளை பின்னால வாராரு சம்பந்தி."

எல்லோரும் திரும்பினார்கள். கேட்டுக்கு வெளியே, கயிற்றின் மறுமுனையில், வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறி, புழுதி பூசி, பாட்டுப்பெட்டியை நெஞ்சோடு அணைத்து ஓர் ஆள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். பிச்சுமணி தாளை நீட்டி விளக்கினார். தளவாய் எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி. உள்ள வரச் சொல்லுங்க. மணி ஆகுது."

"வரலாம் சம்பந்தி. வண்டியத் தாண்டி உள்ள பத்து மீட்டர் போயிட்டா அங்கயும் கணக்குச் சரிதான். ஆனா தாண்டும்போது ஒம்பது வரும், எட்டு வரும்" என்றார் ஆவுடையப்பன்.

"நடுவுல ஒண்ணுமே இல்லாமக்கூட ஆயிரும்" என்றார் பலவேசம் கவலையுடன்.

"அப்போ அந்த நேரம் பெட்டிய அணைச்சுக்கிடலாம்" என்றார் சொர்ணமுத்து.

"அணைச்சா சத்தமில்லாம வண்டி நிக்கும்" என்றார் தளவாய். "நின்னா நான் எம்புள்ளைய கூட்டிக்கிட்டுப் போயிருவேன். சொன்னது சொன்னதுதான்."

மணி நாலு இருபத்தாறு. மாப்பிள்ளை கயிற்றோடு நின்றான். பெட்டி பாடியது.

மணப்பெண் அறையின் ஜன்னல் திறந்தது. சண்முகவடிவு கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். இரண்டு கிலோமீட்டர் கயிறு கட்டி ஓடிவந்த மனிதனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"ஏப்பா, குலவை மங்களச் சத்தம் இல்லையா?"

தளவாய் யோசித்தார். "மங்களச் சத்தம்தான்."

"அப்போ அவரு தாண்டுத வரைக்கும் குலவை போட்டா?"

சொல்லிவிட்டு அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முதல் குலவையை மணப்பெண்ணே போட்டாள். சுற்றியிருந்த பெண்கள் திகைத்துப் பிறகு சேர்ந்துகொண்டார்கள். பெட்டி அணைந்தது. கோமதிநாயகம் காரைச் சுற்றி ஓடி, ஆரத்தித் தட்டைத் தாண்டி, படியேறி மண்டபத்துக்குள் பாய்ந்தான். கயிறு விறைத்த இடத்தில் நின்று பெட்டியைத் தட்டினான். நாதஸ்வரம் திரும்பியது. மணி நாலு இருபத்தெட்டு.

தளவாய் வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரித்தார். "எல்லாத்தையும் முறையாத்தான் செஞ்சிருக்கீங்க. அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்க, பாப்போம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவரின் சிரிப்பு அடங்கியது. "கீழ சின்ன எழுத்துல ஒண்ணு இருக்கே, பாக்கலையா? 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'"

மண்டபத்தில் குறைந்தது அறுபது குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டு தரப்பும் கூடிப் பேசியது. கருவியை மேலே வைக்க வேண்டும், உரிமையாளர் கையிலும் இருக்க வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்து மேலே வைப்பது என்று முடிவானது. எவ்வளவு மேலே என்பதற்காக, சண்முகவடிவின் அக்கா மகளைச் சுவரோரம் குதிக்கச் சொன்னார்கள்; அங்கிருந்த பிள்ளைகளில் அவள்தான் நெட்டை, பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுபவள். அவள் கை ஒன்பதடி வரை போனது. பாத்திரம் வைக்கும் பரண் பத்தடியில் இருந்தது. அண்டாக்களை இறக்கிவிட்டு மாப்பிள்ளையை ஏற்றினார்கள்.

"எப்ப இறங்கலாம்?" என்றான் கோமதிநாயகம் மேலிருந்து.

பிச்சுமணி தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலையே."

மறுநாள் காலை முகூர்த்தத்துக்குச் சண்முகவடிவு கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அண்டா இருந்த இடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் குனிந்தபடி என்னவோ பேசிச் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள். புரோகிதர் கழுத்தை அண்ணாந்து மந்திரம் சொன்னார். தாலி ஏறியது. பாட்டுப்பெட்டியில் கெட்டிமேளம் கேட்டதும் கீழே நின்ற இருநூறு பேரும் ஒரே சமயத்தில் அட்சதையை மேலே எறிந்தார்கள்.

பரண் வரை ஒரு மணி அரிசிகூடப் போய்ச் சேரவில்லை. அத்தனையும் திரும்பி வந்து, சரியாகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் தலையிலும் தளவாய் தலையிலும் கொட்டியது. எதற்கும் இருக்கட்டும் என்று இருவரும் அங்கேயே கை கூப்பி நின்றார்கள். வரிசையில் வந்த விருந்தாளிகள், பதினாறும் பெற்று நீடூழி வாழச் சொல்லி, இருவர் கையிலும் ஆளுக்கொரு மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.